துரட்டியில் மாட்டிய சைக்கிள்

சென்ற சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அரியலூரிலிருந்து கீழப்பழுவூருக்குக் காட்டுப் பாதையில் சைக்கிளில் போனபோது நடந்தது இது.

எனக்கு வயது அறுபத்தொன்பது. தார்ச்சாலையில் போனால் லாரிகளை எண்ணி எண்ணியே பயம் வந்துவிடும். அதனால் வண்டிப்பாதைகளில்தான் ஓட்டுவேன். வழி தவறக் கூடாதென்று மகள் ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கித் தந்தாள். முதல் நாளே போன் வரைபடத்தில் பாதையைக் குறித்துவிடுவேன். இடப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் வாட்ச் ஒருமுறை அதிரும். வலப்பக்கம் என்றால் இருமுறை. அதிராவிட்டால் நேராகப் போக வேண்டும்.

அன்று காற்றை இருமுறையும் பிரேக்கை மூன்று முறையும் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். பத்தாவது கிலோமீட்டரில், கைப்பிடியில் மாட்டியிருந்த போன் வெயிலில் கொதித்துத் திரை அணைந்துவிட்டது. கவலை பிடித்துக்கொண்டது. ஆனால் வாட்ச் கைவிடவில்லை. அது அதிர அதிர ஐந்து திருப்பங்கள், ஐந்தும் சரி! இந்த வயதில், ஒருவரையும் கேட்காமல், முள்காட்டைக் கடந்துகொண்டிருக்கிறேன்! நாடித்துடிப்பு நூற்று இருபத்தெட்டு. அத்தனையும் சந்தோஷம்.

எதிரே கருவேல் மண்டிய ஒரு மண் மேடு வந்தது. வாட்ச் அதிரவில்லை. கியரைக் குறைத்து மெதுவாக ஏறினேன். ஓரத்தில் ஒரு பெண் நீளமான துரட்டிக் கம்பால் ஆடுகளுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தார். திடீரென்று, "ஏய், நில்லு! நில்லுங்கிறேன்ல!" என்று கத்தினார். ஆட்டைத்தான் அதட்டுகிறார் என்று நினைத்தேன். பத்தொன்பது ஆடுகள். எண்ணிக்கொண்டே உச்சிக்கு ஏறினேன்.

சைக்கிளைப் பின்னாலிருந்து எதுவோ வெடுக்கென்று இழுத்தது. கருவேலுக்குள் சாய்ந்து விழுந்தேன். பின்னால் ஓடிவந்த அந்தப் பெண், துரட்டிக் கொக்கியை என் கேரியரில் மாட்டி இழுத்திருந்தார்.

"ஏம்மா, வழியில போறவனை இப்படியா இழுத்துத் தள்ளுறது?" என்று கோபத்தில் கத்தினேன்.

"வழியா? எந்திரிச்சுப் பாருங்க உங்க வழிய!"

எழுந்து பார்த்தேன். மேட்டுக்கு அப்பால் தரையே இல்லை. செங்குத்தாக இரண்டு பனை ஆழம்; அடியில் பச்சைத் தண்ணீர். சுண்ணாம்புக்கல் எடுத்துவிட்டுப் போட்டுப்போன பழைய சுரங்கம்.

"பாதைய மைன்ஸ் தின்னு எம்புட்டோ வருசமாச்சு. யாரு உங்கள இந்தப் பக்கம் அனுப்புனது?"

வாட்சைக் காட்டினேன். "இது சும்மா இருந்துச்சும்மா. சும்மா இருந்தா நேரா போகணும்னு அர்த்தம்."

"தொண்டை கிழியக் கத்துனேன், அது கேக்கல. இது சும்மா இருந்தது மட்டும் கேட்டுச்சாக்கும்!"

அந்த நேரம் பார்த்து வாட்ச் படபடவென்று அதிர்ந்தது. கீழே விழுந்துவிட்டீர்களா என்று கேட்டது.

"இப்பத்தான் முழிச்சிருக்கு போல" என்று அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணீரும்.

டயர் தடம் முடிந்த இடத்திலிருந்து பள்ளத்தின் விளிம்புக்கு அடிமேல் அடி வைத்து அளக்கத் தொடங்கினேன். ஐந்தாவது அடியில் அவர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "ஏங்க, பொழைச்சதே பெருசு, இதுல அளவு வேற எடுக்குறீங்களா? வாங்க இந்தப் பக்கம்!" மீதி இரண்டடி இருக்கும்.

திரும்பி வரும் வழியைக் கையை நீட்டி அவரே சொன்னார். நன்றி சொன்னேனா என்பதுகூட நினைவில்லை. வீடு வந்த பிறகுதான் அவர் பெயரைக் கேட்காதது உறைத்தது.

வாட்ச் இன்றும் என் கையில்தான் இருக்கிறது. ஆனால் பாதையோரம் யாராவது உரக்கக் குரல் கொடுத்தால், அது ஆட்டை அதட்டும் குரலாகவே இருந்தாலும், அது எனக்கென்றே எடுத்துக்கொண்டு முதலில் பிரேக்கைப் பிடிக்கிறேன்.