நான் சொல்லாமல் விட்ட இடது முன்னங்கால்

இதைப் படிக்கும் உங்களை நடுவராக இருக்கும்படி நான் கேட்கவில்லை. நடுவர்களோடு எனக்குப் பள்ளி நாளிலிருந்தே பழக்கம் உண்டு. எந்த இடத்தில் அவர்கள் புன்னகைப்பார்கள், எந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆகவே நடுவர் வேண்டாம், சாட்சியாக இருங்கள். சாட்சிக்கு மதிப்பெண் போடும் வேலை இல்லை. கேட்டதை மறக்காமல் இருந்தால் போதும்.

நான் சொல்லப்போவது ஒரு பெட்டைக்குதிரையின் தோல்வியைப் பற்றி. கோவையைச் சுற்றி நடக்கும் குதிரைவண்டிப் பந்தயங்களுக்குப் போகிறவர்களுக்கு அவளைத் தெரியும். செம்பழுப்பு உடல், நெற்றியில், யாரோ சுண்ணாம்பு தொட்ட விரலை அவசரமாகத் துடைத்தது போல ஒரு வெள்ளை. அதற்கு முன் மூன்று ஆண்டுகளாக அவள் தோற்றதில்லை. அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் ரசிகர்கள் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கொங்குப் பக்கத்தில் பெண்களை மரியாதையாகக் கூப்பிடுவது போல, எங்களுக்கு அவள் அம்மணி.

ரசிகர்கள் என்றால் பெரிய கூட்டமில்லை. தொண்டாமுத்தூர் சாலையில் ஒரு பேக்கரியில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கூடுகிற முப்பது நாற்பது பேர். அதில் இருவர்தான் இந்தக் கதைக்கு முக்கியம். ஒருவர் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். வாழ்நாளில் பாதியை வால்பாறைக் கொண்டை ஊசி வளைவுகளில் நின்றபடியே கழித்தவர். இன்னொருவர் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டும் அக்கா. குதிரைக்குச் சொந்தக்காரர் என் அப்பாவின் நண்பர், ஃபவுண்டரி வைத்திருப்பவர். நான் அவரை மாமா என்று அழைப்பேன். அந்த உரிமையில்தான் கல்லூரிப் பேச்சுமன்றத்தில் கோப்பைகள் வாங்கிக்கொண்டிருந்த நான் இந்தக் கூட்டத்துக்குள் வந்து சேர்ந்தேன். வந்த நாளிலிருந்தே அவர்கள் என்னைப் பேச விட்டார்கள். நானும் பேசினேன்.

சென்ற பந்தயப் பருவம் முடிந்தபோது மாமாவுக்கு ஒரு குழப்பம். அம்மணிக்கு வயது ஏறுகிறது. வெற்றியோடு நிறுத்திவிட்டு இனவிருத்திக்கு அனுப்பிவிடலாமா, இல்லை இன்னும் ஒரு பருவம் ஓட்டிப் பார்க்கலாமா? வேறு ஊராக இருந்தால் கால்நடை மருத்துவரைக் கேட்டிருப்பார்கள். நாங்கள் பட்டிமன்றம் வைத்தோம்.

நடத்துநர்தான் யோசனை சொன்னார். "ஏனுங்க, நம்மகிட்ட பேசறதுக்கு ஆளிருக்குது, கேக்கறதுக்கு ஆளிருக்குது. அம்மணி ஓடலாமா ஓயலாமான்னு ஒரு பட்டிமன்றம் போட்டுப் பாத்தர்லாமுங்க."

மாமா சிரித்தார். "போடுங்க. நானே நடுவரா உக்காந்துக்கறேன். ஜெயிக்கிற பக்கம் என்ன சொல்லுதோ அதுதான் என்ற முடிவு."

விளையாட்டாகச் சொன்னார் என்று நான் நினைத்தேன் என எழுதினால் அது பொய். அவர் சொன்னதைச் செய்கிறவர் என்பது எனக்குத் தெரியும். அது தெரிந்ததால்தான் எனக்கு அந்த மேடை மேலும் இனித்தது.

யார் எந்தப் பக்கம் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுத்தோம். எங்கள் பயிற்சியில் அதுதான் முறை. எந்தப் பக்கம் வந்தாலும் பேசத் தெரிந்தவன்தான் பேச்சாளன் என்று எனக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. நானும் அதைப் பெருமையாக நம்பியிருந்தேன். எதிரணிக்கு என் கல்லூரித் தோழன். அவனுக்கு "ஓய வேண்டும்" வந்தது. எனக்கு "ஓட வேண்டும்".

பட்டிமன்றத்துக்கு இரண்டு நாள் முன்பு, குறிப்பு சேகரிக்க லாயத்துக்குப் போனேன். அம்மணியைப் பராமரிப்பவர் வால்பாறையில் ஒரு தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்து, இங்கே வேலைக்கு இறங்கி வந்தவர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ஆனாலும் என்னை சார் என்றே கூப்பிடுவார். நான் ஒருநாளும் அதைத் தடுத்ததில்லை. அன்று அவர் ஒரு வாளித் தண்ணீரோடு குதிரையின் காலடியில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்கதான் பேசப்போறீங்களாமே சார்."

"ஆமாங்க."

"கொஞ்சம் இங்க வாங்க. கையைக் கொடுங்க." என் கையைப் பிடித்து அம்மணியின் இடது முன்னங்காலில், குளம்புக்கு மேலே, பின்பக்கமாக வைத்தார். "இப்ப அடுத்த காலைத் தொட்டுப் பாருங்க."

தொட்டேன். வித்தியாசம் தெரிந்தது. இடது கால் சுட்டது.

"காலையில வெளிய எடுத்தா முதல் நூறடிக்கு இந்தக் காலை முழுசா ஊன மாட்டேங்குது. ஓடி உடம்பு சூடாயிட்டா சரியா வச்சிருது. எல்லாரும் அதைப் பாத்துட்டு சரியாயிருச்சுங்கறாங்க. சரியாகலை சார். ஓட்டத்துல அது மறந்துருது. அவ்வளவுதான்."

"மாமாகிட்டச் சொன்னீங்களா?"

"ரெண்டு நாள் ரெஸ்ட் விடலாமான்னு கேட்டேன். லீவு அம்மணிக்கா உனக்கா, வால்பாறை பஸ்ஸுக்கு நேரமாச்சான்னு சிரிச்சிட்டாரு." அவரும் சிரித்தார். "தப்பா சொல்லலை, தமாஷ் பண்றவரு. ஆனா அதுக்கு மேல நான் எப்படிச் சொல்றது? நீங்க மைக்ல சொன்னா கேப்பாரு. நாலு பேர் முன்னால சொன்னா தட்ட முடியாதில்ல."

எனக்கு எந்தச் சீட்டு வந்தது என்பது அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. "பார்த்துக்கறேங்க" என்று மட்டும் சொன்னேன். அந்தச் சொல்லை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. குதிரையின் கழுத்தில் இரண்டு முறை தட்டிக்கொடுத்தார், நல்ல சேதி சொல்வது போல.

வீட்டுக்கு வந்து ஓர் அட்டையில் எழுதினேன்: இடது முன்னங்கால், சூடு, முதல் நூறடி. எதிரணியின் மிக வலுவான குறிப்பைத் தனி அட்டையில் எழுதி, அதற்கு மறுமொழி தயாரித்து வைக்க வேண்டும் என்பது எங்கள் பயிற்சி. அதே பயிற்சியில் இன்னொரு விதியும் உண்டு. எதிரணி எடுக்காத குறிப்பை நாமாக எடுத்துக் கொடுக்கக் கூடாது. என் தோழன் லாயத்துக்குப் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். அட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் பட்டிமன்றம் நடந்தது. என் தோழன் வயதைப் பற்றிப் பேசினான், வாரிசுகளைப் பற்றிப் பேசினான்; நன்றாகவே பேசினான். பிறகு நான் எழுந்தேன். "ஓய்வு என்பது நாம் அவளுக்குத் தரும் பரிசா, அல்லது நம்முடைய அச்சத்துக்கு நாம் சூட்டும் அழகான பெயரா?" என்று கேட்டுவிட்டு நிறுத்தினேன். எத்தனை நொடி நிறுத்த வேண்டும் என்பதைக் கண்ணாடி முன் நின்று பழகியிருந்தேன். கைதட்டல் நான் கணக்கிட்ட இடத்தில் எழுந்தது. பட்டுக்கடை அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவள் கால்கள் இன்னும் களைக்கவில்லை, களைத்தது நம் துணிச்சல்தான்" என்றும் சொன்னேன். ஆம், கால்கள் என்றே சொன்னேன். அப்போது என் சட்டைப்பையில் அந்த அட்டை இருந்தது.

கூடத்தின் கடைசியில், கை கழுவும் இடத்தை ஒட்டி அம்மணியைப் பராமரிப்பவர் நின்றுகொண்டிருந்தார். நான் பேசி முடித்து உட்கார்ந்த பிறகும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்று காத்திருப்பது போல.

மாமா தீர்ப்புச் சொன்னார். "எனக்கு ரெண்டு மனசா இருந்துச்சுங்க. என்ற கண்ணைத் தொறந்துபோட்டாப்ல மாப்ள. அம்மணி ஓடும்."

வெளியே செருப்பு மாட்டும்போது பராமரிப்பவர் என் அருகில் வந்தார். "நல்லாப் பேசுனீங்க சார்" என்றார். அதில் குத்தல் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இல்லை. உண்மையாகவே சொன்னார்.

பந்தயத்தன்று நானும் நடத்துநரும் திருப்பத்தில் நின்றோம். நேர்ச்சாலையில் போய், ஒரு தார் டிரம்மைச் சுற்றி, வந்த வழியே திரும்ப வேண்டும். அம்மணி முதலில் வந்தாள். எப்போதும் போலத்தான் வந்தாள். கழுத்தை நீட்டி, காதுகளைப் பின்னுக்குச் சாய்த்து. டிரம்மை இடப்பக்கமாகச் சுற்ற வேண்டும். உடம்பின் பாரம் முழுவதும் இடது காலில் இறங்க வேண்டிய அந்த ஒரு கணத்தில், வெந்நீரில் கால் வைத்துப் பார்ப்பவர் போல அவள் அந்தக் காலை வைத்து, எடுத்தாள். அவ்வளவுதான். பக்கத்தில் இரண்டு வண்டிகள் கடந்துபோயின.

"என்னாச்சுங்க அம்மணிக்கு?" என்றார் நடத்துநர். எனக்குத் தெரிந்திருந்தது. "திருப்பத்தை அகலமா எடுத்துட்டாப்ல இருக்குதுங்க" என்றேன்.

மூன்றாவதாக வந்தாள். வண்டியிலிருந்து அவிழ்த்த பிறகு இடது குளம்பின் நுனியை மட்டும் தரையில் தொட்டபடி நின்றாள். தசைநார் கிழிந்திருக்கிறது, இனிப் பந்தயம் கிடையாது, குட்டி ஈனலாம் என்றார் மருத்துவர்.

மாமா அந்த இடத்திலேயே பராமரிப்பவரைக் கேட்டார். "கால் பாக்கறதுதானே உன்ற வேலை? ஒரு நாளும் தெரியலையா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நான் நான்கடி தள்ளித்தான் நின்றேன். ஒரு பார்வை போதும், நான் பேச வேண்டியிருந்திருக்கும். அவர் குதிரையைப் பார்த்தபடியே, "கவனிக்கலைங்க, தப்புதாங்க" என்றார். மூன்று நிமிடத்தில் எந்தத் தலைப்பிலும் பேசக்கூடியவன் நான். அன்று குனிந்து என் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

அதன்பின் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் பேக்கரியில் வேறு பேச்சே இல்லை. முதல் வாரம் வெயில் காரணம். அடுத்த வாரம் வண்டி ஓட்டியவர். மூன்றாவது வாரத்துக்குள் எல்லாரும் ஒரே இடத்தில் வந்து நின்றிருந்தார்கள்.

"பாக்கற ஆளு ஒழுங்கா இருந்திருந்தா இப்படி ஆயிருக்குமா?" என்றார் அக்கா. "புடவையில ஒரு இழை போயிருந்தாலும் எங்களுக்குத் தெரியுது. தெனமும் காலைக் கழுவுற மனுசனுக்குத் தெரியாதா?"

"எஸ்டேட்ல இருந்து வந்தவருக்குக் குதிரை என்னங்க தெரியும்" என்றார் இன்னொருவர்.

"வுடுங்க அம்மணி, நம்ம அம்மணி மெட்டர்னிட்டி லீவுல போகுதுன்னு நெனச்சுக்குவோம்" என்று நடத்துநர் அக்காவைத் தேற்றினார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் கையில் பப்ஸ் இருந்தது. அதையும் தின்று முடித்தேன்.

அன்றுதான் நடத்துநர் இன்னொன்றும் சொன்னார். அம்மணியைத் தொண்டாமுத்தூர்ப் பக்கம் மாமாவின் தென்னந்தோப்புக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள். கொண்டுபோய் விட்டதும் பராமரிப்பவரைக் கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்களாம். "குதிரையை வுட்டுப் பிரியறதுதான் அவுருக்குத் தண்டனைங்க" என்றார். அவர் இரக்கத்தோடுதான் சொன்னார்.

வழியனுப்பும் நாள் ஒரு ஞாயிறு காலை. மலையடிவாரத் தோப்பு, யானை வராமலிருக்கப் போட்ட மின்வேலிக்கு இந்தப் பக்கம் புதுக் கொட்டகை. ரசிகர்கள் கேரட்டும் மாலையுமாக வந்திருந்தார்கள். இடது காலில் கட்டோடு அம்மணி கேரட்டை ஒவ்வொன்றாக வாங்கித் தின்றாள். மாலையையும் பாதி தின்றாள். கொட்டகை ஓரத்தில் பராமரிப்பவர் ஒரு பையில் தன் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மாப்ள, ரெண்டு வார்த்தை பேசு" என்றார் மாமா.

நான் தயாரித்திருந்தேன். வெட்கத்தோடு சொல்கிறேன், முந்திய நாளே எழுதிப் பழகியிருந்தேன். "ஓட்டம் முடிகிறது, தலைமுறை தொடங்குகிறது" என்று ஆரம்பித்தேன். யாரோ கைதட்டினார். பராமரிப்பவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். மண்டபத்தில் பார்த்த அதே பார்வை. இன்னும் காத்திருந்தார்.

எழுதிவைத்த பேச்சு அங்கேயே நின்றது. "மாமா, அவருக்குத் தெரியும்" என்றேன். "பட்டிமன்றத்துக்கு ரெண்டு நாள் முன்னாடியே என் கையைப் பிடிச்சு அந்தக் காலைத் தொட்டுக் காட்டினாருங்க. மைக்ல சொல்லச் சொன்னாருங்க. நான் சொல்லலைங்க."



"ஏங் கண்ணு சொல்லலை?" என்றார் மாமா. கோபமில்லாத குரல். அது இன்னும் மோசமாக இருந்தது.

"என் சீட்டு அது இல்லைங்க."

அவருக்குப் புரியவில்லை. திரும்பச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது எந்த மொழியிலும் பொருள்படாத வாக்கியமாகத் தோன்றியது. அக்கா என்னைப் பார்க்காமல் முந்தானையின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார். நடத்துநர் தொண்டையைச் செருமினார். நகைச்சுவையாக ஏதோ சொல்ல நினைத்து விட்டுவிட்டார் போலிருந்தது.

மாமா பராமரிப்பவரிடம் திரும்பினார். "நீ ஏன்யா என்கிட்ட அழுத்திச் சொல்லலை?"

"வால்பாறை பஸ்ஸுன்னு சொல்லுவீங்கன்னுதான்" என்றார் அவர்.

மாமா குனிந்து குதிரையின் கட்டுப்போட்ட காலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "பையை உள்ள வை" என்றார். இன்று வரை என்னிடம் அதைப் பற்றிப் பேசியதில்லை. வீட்டுக்கு வந்தால் காபி குடிக்கிறார், அப்பாவோடு பேசுகிறார், போகிறார்.

கூட்டம் கலைந்தபோது பராமரிப்பவர் என் அருகில் வந்து நின்றார். நன்றி சொல்வாரோ என்று பயந்தேன். அவர் சொன்னது வேறு.

"குட்டி பொறந்தா மூணு நாலு வருசத்துல ஓட விடலாமான்னு மறுபடி கூட்டம் போடுவாங்க சார். நீங்களும் வருவீங்க. அன்னைக்கு உங்களுக்கு எந்தச் சீட்டு வரும்?"

கேலியில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மாமா காரின் கதவைத் திறந்து நின்றிருந்தார். அக்காவும் நடத்துநரும் வேலியோரம் இருந்தார்கள். அவர்கள் அனைவருக்கும் கேட்கும்படி, மேடையில் பழகிய குரலை விட்டுவிட்டு, நான் சொன்னேன்:

"சீட்டு எடுக்க மாட்டேங்க. அந்தக் கூட்டத்துல முதல்ல நீங்க பேசுவீங்க. மைக்கை நான் பிடிச்சுக்கறேன். நீங்க பேசி முடிக்கிற வரைக்கும் நான் வாயைத் திறக்க மாட்டேன்."