மூன்றாவது பாட்டில் உடைந்த குரல்

ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் இன்பராஜுக்குத் தரம் பிரிக்கும் வேலை. பதினெட்டு வருஷமாக ஜன்னல் வெளிச்சத்தில் ஆட்டுத்தோலை விரித்து, உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல், கத்தி பட்ட வெட்டு என்று குறை தேடிப் பின்பக்கம் சாக்பீஸால் நம்பர் போடுகிறான். நல்ல தோலை யாரும் நல்ல தோல் என்று வாய் திறந்து சொல்வதில்லை. குறையைச் சொல்லத்தான் சம்பளம். வீட்டில் குழம்புக்கும் அதே கதி என்பதால், அவன் மனைவி மேகலா ருசி எப்படி என்று கேட்பதை விட்டு வெகுகாலம் ஆகிறது.

இப்படிப்பட்ட மனுஷனுக்கு ராக், பங்க் என்று எப்படித்தான் பைத்தியம் பிடித்ததோ! குடியாத்தத்தில் ரயில் ஏறி இயர்போனை மாட்டினால், ஆம்பூரில் இறங்குவதற்குள் ஒரு ஆல்பம் முடிந்திருக்கும். இங்கிலீஷ் பாதிதான் புரியும். அதனாலென்ன, அபிப்பிராயத்துக்குப் பஞ்சமில்லை. சனிக்கிழமை வேலை விட்டதும் ஸ்டேஷன் எதிரே டீக்கடையில் சமீருல்லாவிடம் கொட்டித் தீர்ப்பான். சமீருல்லா ஷூ கம்பெனியில் கட்டிங் வேலை பார்ப்பவன், அதே வியாதிக்காரன்.

“இந்த லண்டன்காரனுங்க ஆல்பத்துல டிரம் அடிக்கிறவன் தாளத்த விட்டுட்டு ஓடறான் பாய். மத்தவங்க தொரத்தறாங்க. பதினாலு பாட்டும் தொரத்தல்தான். கேட்டா வயித்துல கெடக்குற கோவமெல்லாம் எறங்கிடுது” என்பான். இன்னொரு வாரம், “இருபது நிமிஷம் ஒரே பாட்டு. கிடார் ஒரே எடத்துல நின்னு அழுவுது. எங்கம்மா செத்தப்ப எனக்கு அழுகை வரல. அத கேக்கறப்ப வந்துச்சு” என்றான்.

முகம் தெரியாத வெள்ளைக்காரனுக்குக் குரல் உடைந்தால் அது அழகு. பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிப்பவனுக்கு உடைந்தால்தான் வம்பு.

போன தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சமீருல்லா ஒரு மெமரி கார்டை நீட்டினான். இரண்டு வருஷமாகப் பழைய கிடாரோடு மல்லுக்கட்டி, தானே எழுதி, தானே பாடிய ஏழு பாட்டு.

“காப்பி எடுக்காத தோஸ்த். மொதல்ல நீ கேளு. நீ ஓகே சொன்னாதான் வெளிய வுடுவேன்.”

ரயிலில் கேட்டான். மூன்றாவது பாட்டு கட்டிங் மேஜையைப் பற்றியது. நடுவில் சமீருல்லாவின் குரல் உடைந்தது. உடைந்தபடியே மேலே ஏறியது. இன்பராஜுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இருபது வருஷம் கேட்ட எதற்கும் அது குறைந்ததில்லை. அடுத்த நிமிஷமே நெஞ்சில் ஏதோ கசந்தது. இவன் பாடிவிட்டான், நான் கேட்டுக்கொண்டே கிழவனாகிறேன். பொறாமைதான், வேறென்ன?

மறுநாள் டீக்கடையில் கார்டைத் திருப்பிக் கொடுத்து, தோலை விரிப்பதுபோல் விரித்தான். “ரெண்டாவதுல வேகம் ஜாஸ்தி. மூணாவதுல குரல் ஒடைஞ்சிடுச்சி. அஞ்சாவதுல கம்பி சுருதி சேரல. ஆறாவதுல வார்த்தை புரியல. மொத்தத்துல ரிஜெக்ட்தான் பாய்.”

சமீருல்லா சிரித்தான். “உனக்குத் தெரியாததா?” என்று டீக்குக் காசு கொடுத்துவிட்டுப் போனான். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை.

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? தோல் விரித்த மேஜையில் அந்த மூன்றாவது பாட்டு இன்பராஜைப் பிடுங்கித் தின்றது. ஆல்பம் எதைப் போட்டாலும் வெறும் சத்தமாகக் கேட்டது. நாலாவது வாரம் தாங்காமல் சமீருல்லாவின் வீட்டுக்கே போனான்.

“அந்தப் பாட்டுங்கள இன்னொரு வாட்டி குடு பாய்.”

“அழிச்சிட்டேன். தங்கச்சி கல்யாண வீடியோ ஏத்த எடம் கம்மியா இருந்துச்சு. கிடாரையும் வேலூர்ல குடுத்துட்டேன்.”

“நான் சொன்னது பொய் பாய். வயித்தெரிச்சல்ல சொன்னேன். மூணாவது பாட்டு மாதிரி நான் கேட்டதே இல்ல.”

சமீருல்லா அவன் தோளைத் தட்டினான். அதில் கோபம் துளியும் இல்லை. “பாவம் பாத்து சொல்ற. பதினெட்டு வருஷமா உன் கை தப்பா நம்பர் போட்டதில்லன்னு ஊருக்கே தெரியும். வுடு தோஸ்த்.”

“பாவமெல்லாம் இல்ல. பாடிக் காட்றேன், கேளு” என்று இன்பராஜ் வாசலிலேயே நின்று ஆரம்பித்தான். முதல் வரி வந்தது. இரண்டாவது வரி வரவில்லை. மறுபடி முதல் வரியைப் பாடினான். பிறகு சமீருல்லாவின் முகத்தைப் பார்த்தான்.

சமீருல்லா அடுத்த வரியை எடுத்துக் கொடுக்கவில்லை.