மணியில் மாட்டிய ஜரிகை

முதலில் ஒரு மன்னிப்பு. என் கையெழுத்து மழையில் நனைந்த எறும்பு வரிசை மாதிரி இருக்கும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன்... சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்று இன்றைக்கும் தடுமாற்றம்தான். ஆசிரியர் ஐயா, இந்தப் பத்திக்காக வாராவாரம் பொறுத்துக்கொள்கிறீர்கள். இந்த வாரமும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தி.நகரில் ஒரு நகைக்கடை வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு நிற்பவன் நான். அதில் குறி பார்க்க என்ன இருக்கிறது, தெரியுமா? போலீஸ்காரர் துப்பாக்கியில் முன்னால் ஒரு முள், பின்னால் ஒரு பள்ளம் — இரண்டையும் நேர்கோட்டில் வைக்க வேண்டும். என்னுடையதில் அந்த வம்பே இல்லை. குழல் முனையில் மிளகு அளவுக்கு ஒரு பித்தளை மணி. மணிக்கு மேல் ஆள் தெரிந்தால் சரி. அவ்வளவுதான்!

தினமும் அதைத் துடைத்திருக்கிறேனே தவிர, அதன் வழியாக யாரையும் பார்த்ததில்லை.

போன மாதம் முகூர்த்தக் கூட்டம். துப்பாக்கியைத் தரையில் ஊன்றி ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் கண்ணாடிக் கதவைத் திறந்தேன். மயிலாப்பூர் மாமி ஒருவர் வேகமாக வெளியே வந்தார். சட்டென்று நின்றார். அரக்குப் பட்டு முந்தானையின் ஜரிகை என் மணியில் மாட்டியிருந்தது. மணி கொஞ்ச நாளாகவே தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அந்த இடுக்கில் இழை புகுந்துவிட்டது.

"ஐயோ, இழுக்காதேங்கோ!"

நான் எங்கே இழுத்தேன்? மூச்சுக்கூட விடவில்லை.

"எடுத்து விடுங்கோளேன்!"

எப்படி எடுப்பது? முன்பின் தெரியாத பெண்மணியின் முந்தானையில் கை வைப்பதா? பில் போடும் பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கவே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சரி, அவரே எடுக்கட்டும் என்றால், உள்ளேயிருந்து முதலாளி அண்ணாச்சியின் குரல்.

"துப்பாக்கியில யாரும் கை வச்சிராதீய! லைசென்ஸ் போயிரும்!"

ஆக, நான் புடவையைத் தொட முடியாது. அவர் துப்பாக்கியைத் தொடக்கூடாது. தோட்டா என் இடுப்பு பெல்ட்டில், குழல் காலி. ஆனாலும் சட்டம் சட்டம்தானே?

மாமி குரலைத் தாழ்த்தினார். "இது என் புடவை இல்லை. நாத்தனாரோடது. சாயங்காலம் மடிச்சுக் கொடுத்தாகணும். ஒரு இழை பிஞ்சாலும் போச்சு... எம் பேத்தி கல்யாணத்துல வந்து சொல்லிக் காட்டுவா."

"இரும்மா... துப்பாக்கிய நான் கெட்டியா புட்சிக்கினு நிக்கறேன். நீங்க இன்னா பண்ணணுமோ பண்ணிக்கங்க" என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அட, இது தோட்டுத் திருகு மாதிரின்னா இருக்கு!"

கண்ணாடி பார்க்காமலே காதுத் திருகைக் கழற்றிப் பழகிய கை. இரண்டே விரலால் திருகினார் — மணி கையோடு வந்துவிட்டது. துப்பாக்கி என்னிடம்தான் இருந்தது. மணியை மட்டும்தானே தொட்டார்? நகத்தால் இழையை நீவிவிட்டார். தேடினாலும் தடம் தெரியவில்லை.

மணியை என் உள்ளங்கையில் போட்டார். "பத்திரம். தொலைச்சா ஜோடி கிடைக்காது."

அண்ணாச்சி ஓடி வந்தார். "என்னவே, குறி பாக்குற மணியே போச்சே! திருடன் வந்தா என்ன செய்வீரு?"

"கொஞ்சம் கிட்ட வந்து நிக்கச் சொல்றேன் அண்ணாச்சி."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பேசியது நான்தானா என்று எனக்கே வெட்கம்.

வெளியே காரில் காத்திருந்த கணவர் கேட்டது காதில் விழுந்தது. "ஏன்டி இவ்ளோ நேரம்?"

"ஏன்னா, துப்பாக்கி முனையில நிறுத்திட்டான்! நான் என்ன பண்றது?"

மணியை இப்போது இறுக்கியாகிவிட்டது. தூரத்தில் ஓடுகிறவனைப் பிடிக்க வைத்தது, பக்கத்தில் போனவரைப் பிடித்தது... ஆபத்துக்கு உதவும் என்று நாம் வாங்கி வைக்கிற சாமான்கள் பலதும் இப்படித்தான், இல்லையா?

உடனே எழுதியிருப்பேன். அந்த வாரமே மறுபடி கடைக்கு வந்த மாமியிடம் எழுதட்டுமா என்று கேட்டேன்; தடுத்துவிட்டார். "தாராளமா எழுதுங்கோ. ஆனா நாத்தனார் பெங்களூர் கிளம்பட்டும். இங்க இருக்கறச்சே உங்க பத்தியை ஒரு வாரம் விடாம படிக்கறா."

நேற்று ரயில் ஏற்றிவிட்டாராம். இன்று, புரட்டாசி முதல் ஞாயிறு, எழுதிவிட்டேன்.