நெட்டையன் கேட்ட குட்டைக் கம்பு

கைகள் இழைப்புளியைத் தம் பக்கமாக இழுத்தன. ஓக் மரச் சுருள்கள் பாயில் விழுந்தன. கம்பைத் தரையில் உருட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, மறுபடி ஓர் இழுப்பு. வேலையில் குறையில்லை, கம்பு செய்துகொடுக்கும் சச்சியேவுக்கு மனம்தான் ஒட்டவில்லை.

அந்தத் தீவில் சண்டைக் கம்பு என்றால் பிடிப்பவரின் தலைக்கு மேல் ஒரு கைமுட்டி அளவு உயர்ந்து நிற்க வேண்டும். இந்தக் கம்பைக் கேட்ட பக்கத்து ஊர் இஷிமினே நெட்டை. அவன் சுவரோரம் நின்று அளவு கொடுக்காமல், தன் காதுவரைக்கும் போதும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். அது அப்படியே அவள் கணவர் செய்யுவின் கம்பளவு.

திருவிழாவில் இரண்டு ஊர்க் கம்பு வரிசைகளும் மோதும். சச்சியேவின் ஊர் தன் அடிமுறையை வெளியாருக்குக் காட்டாது. வரிசையின் தலையில் நிற்பவரோ செய்யு. இந்தக் கம்பைப் பிடித்து அவரே ரகசியமாக அங்கே போய்ச் சொல்லிக்கொடுத்தால் ஊரில் தலைநிமிர முடியுமா?

"அந்த ஊர்ல உங்க உயரத்துக்கு யாருங்க இருக்கா?"

செய்யு நூடுல்ஸை உறிஞ்சினார். "குட்டையாப் பொறந்தவன் நான் ஒருத்தன்தானா?"

"சாயங்காலமானா எங்க போறீங்க?"

"மீன் பிடிக்க."

"மீனக் காணோமே!"

"அதுங்களும் உன்ன மாதிரிதான். சந்தேகப்பட்டு தூண்டில் பக்கமே வர்றதில்ல."

இஷிமினே வந்தபோது சச்சியே கம்பைத் தரவில்லை.

"பிடிக்கிற ஆள் வரட்டும். அளவு பாக்காம இது வாசல் தாண்டாது."

"போட்டிக்குப் போற பசங்களுக்குக் கடையில பென்சில் மாதிரி ஒரே அளவுல கம்பு விக்கிறான். அவன் அளவா பாக்குறான், அக்கா?"

"அப்ப அவன்கிட்டயே வாங்கிக்க."

பிடரியைச் சொறிந்தவன், வண்டியிலிருந்து மனைவியை அழைத்துவந்தான். டோஃபு கடை மிட்சுவே.

"எங்க வரிசையில பொம்பளைக்கு எடமில்லக்கா. தெரிஞ்சா இவரையும் தள்ளி வச்சிடுவாங்க. துணி காயப்போடுற கழியிலதான் பழகுறேன்."

"கதை விடாத. குத்திக் காட்டு."

மூலையில் கிடந்த பழைய கம்பால் மிட்சுவே குத்தினாள். சச்சியேவின் ஊரில் குத்திய கம்பு இடுப்புக்குத் திரும்பும். இவளுடையது தோளுக்கு ஏறியது. நடிக்கலாமே? சச்சியே சொல்லாமல் கொள்ளாமல் துடைப்பத்தை ஓங்கினாள். துடைப்பம் பறந்து போய் விழுந்தது. கம்பு மறுபடி தோளில் இருந்தது. யோசித்துச் செய்யும் வேகமில்லை அது; செய்யு சொல்லிக்கொடுத்த அடியும் இல்லை.

"உனக்கு யாரு சொல்லிக்குடுத்தது?"

"இவருதான். என் வீட்டுக்காரர்."

சச்சியே புதுக் கம்பை அவள் பக்கத்தில் நிறுத்தி, தலைக்கு மேல் தன் முட்டியை வைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. எண்ணெய்த் துணியால் ஒருமுறை துடைத்து, இரண்டு கைகளாலும் நீட்டினாள். மிட்சுவே குனிந்து, இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.