கட்டு அறையில் சந்தனம்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது நாற்பது. கிளினிக் வாசலில் முதலில் கண்ணில் பட்டது ஒரு அரசு ஜீப். அதன் முன்பக்கக் கம்பியில் இரண்டு வாழைக்கன்றுகள் கட்டியபடியே வாடியிருந்தன. முன்கண்ணாடியில் சந்தனக் கோடுகள், நடுவில் குங்குமம். போன ஆண்டு ஆயுத பூஜை முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

என் வலது பாதத்தில் சர்க்கரைப் புண். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்ற அந்த கிளினிக்குக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஓசூரில் தொழிற்பேட்டையை ஒட்டிய தெரு அது. டாக்டர் ஒருவர், நர்ஸ் ஒருவர், ஆயா ஒருவர். முன்னால் டாக்டரின் அறை, பின்னால் கட்டுப் போடவும் தையல் போடவும் ஒரு சிறிய அறை. தொழிற்சாலைகளில் கை கிழித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு அந்தச் சிறிய அறைதான் கிளினிக்.

நான் உள்ளே போனபோது ஆயா வாசல்படியில் காய்ந்து ஒட்டிக்கிடந்த பூசணிக்காயைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "செக்கிங் வந்துகிறாங்க சார், கிருஷ்ணகிரில இருந்து. செருப்ப வெளியவே உட்டுடுங்க" என்றார். எப்போதும் செருப்போடுதான் போவோம்.

வந்திருந்தவர்கள் இரண்டு பேர். ஐம்பது வயதை நெருங்கும் பெண் அதிகாரி, அவரும் டாக்டர். உடன் கோப்புடன் ஒரு உதவியாளர். கிளினிக்கின் பதிவைப் புதுப்பிக்கும் முன் செய்யும் ஆய்வு. அதிகாரி குரலை உயர்த்தவில்லை. தீயணைப்பான் இருக்கிறதா என்று கேட்டார். ஊசி முனையை வெட்டும் கருவியை ஒருமுறை இயக்கிக் காட்டச் சொன்னார். மருந்து ஃபிரிட்ஜைத் திறந்தார். அதன் கதவில் பொட்டு. எடை பார்க்கும் மெஷினில் பொட்டு. ரத்த அழுத்தக் கருவியில், ஆக்ஸிஜன் சிலிண்டரில், நாங்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சின் காலில். மருத்துவக் கழிவு போடும் மஞ்சள் தொட்டியின் மூடியிலும் ஒன்று இருந்தது.

"குப்பைத் தொட்டிக்குமா?" என்றார் அதிகாரி.

"அதுவுந்தானே மேடம் ஒழைக்குது" என்றார் ஆயா.

உதவியாளர் சிரித்து, அதிகாரியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

எனக்குப் பக்கத்தில் லேத் பட்டறைக்காரர் ஒருவர் கட்டைவிரலில் துணி சுற்றி உட்கார்ந்திருந்தார். "எங்க கம்பெனில ஆடிட்டுன்னா மூணு நாள் முன்னியே தரைக்கு மஞ்சக் கோடு அடிப்பாங்க சார். மத்தியானம் பிரியாணி. இங்க பாருங்க, சொல்லாம கொள்ளாம வந்துட்டாங்க. ஆயாகிட்ட பொரி கடலைதான் மீந்துகிது" என்றார்.

நர்ஸ் கட்டு அறைக் கதவின் அருகே நின்றிருந்தார். சாமல்பட்டிப் பக்கத்து ஊர். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். அந்த வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆகவில்லை. அவருக்கு முன் இருந்த நர்ஸை டாக்டர் ஒரே நாளில் அனுப்பியது எனக்குத் தெரியும். கொதிக்க வைக்காத கத்தரிக்கோலை எடுத்துக் கட்டு வெட்டியதற்காக. புதியவர் சேர்ந்த அன்று நான் பெஞ்சில் இருந்தேன். "மத்த தப்பெல்லாம் பேசிக்கலாம்மா. கருவி விஷயத்துல ஒண்ணு நடந்தா அன்னைக்கே நீ ஊருக்குக் கெளம்பிடணும்" என்று டாக்டர் சொன்னது வெளியே வரை கேட்டது.

கடைசியாக அதிகாரி கட்டு அறைக்குள் போனார். கதவு திறந்தே இருந்தது. அங்கே ஆட்டோகிளேவ் இருக்கிறது. பெரிய குக்கர் மாதிரி, கருவிகளை நீராவியில் சுத்தம் செய்வது. காலை வேலை முடிந்து அது ஆறிப்போயிருந்தது. அதிகாரி கையுறை போட்டு மூடியைத் திறந்து, உள்ளிருந்த தட்டை எடுத்து, மேலே மூடியிருந்த பச்சைத் துணியை விலக்கினார். ஒரு கத்தரிக்கோலை வெளிச்சத்தில் பிடித்தார். அதை வைத்துவிட்டு ஒரு இடுக்கியை எடுத்தார். பிறகு இன்னொன்று.

"துரு" என்றார். "எல்லாத்துலயும் இருக்கு டாக்டர். இதை வெச்சா தையல் போடுறீங்க?"

டாக்டர் எழுந்து வந்து பார்த்தார். ஒவ்வொரு கருவியின் பிடியிலும் பழுப்பாக, பட்டாணி அளவில் ஒரு கறை.

"போன வருஷம்தான் வாங்கினது" என்றார்.

"வாங்கினது எப்பன்னு நான் கேக்கல. புது செட்டு வாங்கி, நாங்க திரும்ப வந்து பாக்குற வரைக்கும் இந்த ரூமை மூடி வைங்க."

உதவியாளர் பேனாவைத் திறந்தார். லேத்துக்காரர் தன் கட்டைவிரலைப் பார்த்தார்.

"துரு இல்லீங்க மேடம்" என்றார் நர்ஸ். "சந்தனம்."



ஆயா சுரண்டும் கரண்டியோடு உள்ளே ஓடிவந்தார். "நான்தாங்க வெச்சேன்! சாமி படத்துகிட்ட எல்லாத்தயும் வெச்சமே, இது மட்டும் என்னா பாவம் பண்ணுச்சுன்னு. சோப்பு போட்டு நல்லா கழுவிட்டுதான் வெச்சேன். சாமிகிட்ட வெச்சத தொடைக்கக் கூடாதுன்னு அப்பிடியே துணி போட்டு மூடிட்டேன். அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. அது லீவுல ஊருக்குப் போயிருந்துச்சு. அவங்க வேதக்காரங்க, பூஜையே கெடயாது."

"வெச்சது அவங்க. தொறந்து பாக்காம தட்டோட உள்ள வெச்சது நான்" என்றார் நர்ஸ். "காலைல பஸ்ஸு லேட்டு. தினமும் ஆயா கழுவித் தருவாங்க, நான் எண்ணி அடுக்கி வெப்பேன். இன்னைக்கு எண்ணல."

டாக்டர் நர்ஸைப் பார்த்தார். ஆயா தெலுங்கில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். அந்த நேரத்தில் துரு என்றே விட்டிருந்தால் பழி கருவி விற்ற கடைக்கும் டாக்டருக்கும் போயிருக்கும். அங்கிருந்த எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது.

அதிகாரி இடுக்கியைக் கழுவு தொட்டிக்குக் கொண்டுபோய் பிரஷ் கேட்டார். தானே தேய்த்தார். கறை கரைந்து, கீழே பளபளப்பான இரும்பு தெரிந்தது. இன்னும் இரண்டைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு நர்ஸிடம் பிரஷ்ஷைக் கொடுத்தார்.

"இது துருவை விடப் பெரிய தப்பு. மேல ஏதாவது ஒட்டியிருந்தா அதுக்குக் கீழ ஆவி போகாது, கிருமி சாகாது. தெரியுதா?"

"தெரியுதுங்க மேடம்."

"எல்லாத்தையும் தேய்ச்சுக் கழுவி மறுபடி வை. முடியுற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்."

அவர் இருந்தார். எங்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்தார். ஆட்டோகிளேவ் சூடேறி நீராவி விடத் தொடங்கியது. ஆயா ஒரு எவர்சில்வர் தட்டில் பொரியும் கடலையும் வெல்லமும் கொண்டுவந்து நீட்டினார். அதிகாரி வேண்டாம் என்று கையை அசைத்தார். தட்டு உதவியாளரிடம் போய், லேத்துக்காரரிடம் வந்து, பெஞ்சில் நின்றது. சிறிது நேரம் கழித்து அதிகாரி ஒரு கை பொரி எடுத்துக்கொண்டார்.

"விரல் என்னாச்சு?" என்று லேத்துக்காரரைக் கேட்டார்.

"இரும்புச் சில்லு கிழிச்சிடுச்சு மேடம். பூஜை முடிஞ்சு மொத நாள் வேலை. மெஷின் இன்னும் தூங்கிக்கினு இருந்துச்சு, நான் எழுப்பிட்டேன்."

அதிகாரி முதல்முறையாகச் சிரித்தார்.

மூடியைத் திறந்தபோது அவர் ஒவ்வொரு கருவியையும் பார்த்தார். அறையை மூட வேண்டியதில்லை என்றும், நடந்ததைக் குறிப்பில் எழுதாமல் இருக்க முடியாது என்றும் டாக்டரிடம் சொன்னார். "பூஜை உங்க இஷ்டம். இந்த ரூமுக்குள்ள வேண்டாம்" என்றார். ஜீப் கிளம்பியது. வாழைக்கன்றுகள் ஆடிக்கொண்டே போயின.

நர்ஸ் உள்ளே போய்த் தன் கைப்பையை எடுத்து வந்து மேஜையின் மேல் வைத்தார். யாரும் எதுவும் சொல்லும் முன்பே.

டாக்டர் அந்தப் பையைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த விரலுக்குத் தையல் போடணும். அடுத்து சாரோட கால். போய் கை கழுவிட்டு வாம்மா" என்றார்.

நர்ஸ் நின்றுகொண்டே இருந்தார்.

"போடி, போ. சார் கூப்புடுறாரு இல்ல" என்று ஆயா பையை எடுத்து ஆணியில் மாட்டினார்.

என் முறை வந்தபோது நர்ஸ் ஒவ்வொரு கருவியையும் வாய்க்குள் எண்ணி எடுத்துவைத்தார்.

இந்த ஆண்டு ஆயுத பூஜையின்போது என் புண் ஆறியிருந்தது. ரத்த அழுத்தம் பார்க்க மட்டும் மறுவாரம் போனேன். பெஞ்சின் காலில், எடை மெஷினில், மஞ்சள் தொட்டியில் பொட்டுகள் இருந்தன. கட்டு அறைக் கதவு பூட்டியிருந்தது. சாவி அதே நர்ஸின் இடுப்பில் இருந்தது. பூட்டின் மேல் ஒரு பொட்டு இருந்தது.