கழுத்தில் கட்டி வந்த பூனை

தீபாவளிக்கு மறுநாள் தெருவில் கந்தக நெடி நிற்கும் அல்லவா, அது மூக்கில் ஏறியதும் என் வலது கை தானாக இடது அக்குளுக்குப் போய்விடும். கட்டி ஏதும் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும். பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். கிழவி ஒருத்தி நடுத்தெருவில் அக்குளைத் தடவிக்கொண்டு நின்றால் நானும்தான் சிரிப்பேன்.

எனக்குக் கந்தகம் என்றால் பிளேக். இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். காரிமங்கலத்துக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஆரம்பப் பள்ளி வேலைக்குப் போயிருந்தேன். வயது பத்தொன்பது. ஒரு டிரங்குப் பெட்டியும் அதைவிடக் கனமான அகம்பாவமுமாகப் போய் இறங்கினேன். அதே பள்ளியில் வேலை பார்த்த ரூபி அக்காவும் நானும் ஒரே வீட்டில் குடியிருந்தோம். அக்காவுக்கு என்னைவிடப் பத்து வயது கூட.

ஒருநாள் மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தபோது கூரையிலிருந்து ஓர் எலி, பொத்தென்று ஒரு பெண்ணின் சிலேட்டின் மேல் விழுந்தது. இரண்டு சுற்றுச் சுற்றிச் செத்தது. பிள்ளைகள் கத்தவில்லை. எலி செத்து விழுந்தால் பிளேக் என்று அவர்களுக்குத் தெரியும்; சத்தமில்லாமல் எழுந்து வீட்டுக்கு ஓடிவிட்டார்கள். அந்த அமைதி இருக்கிறதே, அதுதான் முதல் பயம்.

இரண்டே நாளில் ஊர் காலி. சுகாதார ஆட்கள் வந்து எலியும் பூச்சியும் சாக வீடு வீடாகக் கந்தகம் கொளுத்தி, பிறகு வெயில் உள்ளே விழட்டும் என்று ஓடுகளைப் பிரித்துப் போட்டார்கள். சனங்கள் வயல்வெளியில் குடிசை போட்டுக்கொண்டார்கள். சின்னசாமி என்ற விவசாயி எங்களிடம் வந்து, “நம்ம கொல்லைக்கு வந்துருங்க டீச்சரம்மா. ஓலை இருக்குது, வேஞ்சு குடுத்தர்றேன்” என்றார். அவருடைய ராகிக் கொல்லையின் ஓரத்தில் ஒரு குடிசைக்கு எங்கள் வாசம் மாறியது.

ஐந்தாம் நாள் மத்தியானம் பள்ளிப் பதிவேட்டை எடுத்துவர இருவரும் ஊருக்குள் போனோம். கூரையில்லாத வீடுகள். தெருவில் எங்கள் செருப்புச் சத்தம் மட்டும். அப்போது பூட்டிக் கிடந்த ஒரு வீட்டுக்குள்ளிருந்து பூனை அழும் சத்தம் கேட்டது. பின்கதவை வெறும் கயிற்றால்தான் கட்டியிருந்தார்கள். அவிழ்த்துப் பார்த்தேன். ஆட்டுக்கல்லுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் எலும்பும் தோலுமாக ஒன்று.

“தொடாதடி! எலி தின்ன பூனை அது” என்று ரூபி அக்கா கத்தினாள்.

நான் என் குடையை விரித்துத் தலைகீழாகப் பிடித்து, அதற்குள் பூனையைத் தூக்கிப் போட்டுக்கொண்டேன். அந்த வெயிலில் குடையைத் தொட்டில்போல ஏந்திக்கொண்டு, தலை காய நடந்த டீச்சரம்மாவை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

இரண்டு நாள் பால் குடித்தது. என் மடியில் தூங்கியது. மூன்றாம் நாள் காலை பாலை மோந்துகூடப் பார்க்கவில்லை. உடம்பு அனலாய்க் கொதித்தது. தாடைக்குக் கீழே தடவினேன். விரலில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. நெல்லிக்காய் அளவு.

கையை எடுத்தவள்தான். அப்புறம் அதைத் தொடவேயில்லை.

சின்னசாமி தடியோடு வந்தார். “அடிச்சுப் பொதச்சர்லாமுங்க. வூட்ல மூணு புள்ளைங்க இருக்குதுங்க, டீச்சரம்மா.”

“அடிக்காதீங்க. தூரமா வெச்சுக்கறேன். அதுவாப் போறவரைக்கும் விட்டுருங்க” என்றேன். தடியைக் கீழே போட்டுவிட்டுப் போய், ஒரு கோழிக்கூடையைக் கொண்டுவந்து கொடுத்தார்.

கொல்லைக் கோடியில், புளிய மரத்தடியில், கூடைக்குள் பூனை. நீளமான கழியில் அகப்பையைக் கட்டிப் பால் நீட்டுவேன். அது பாலைப் பார்க்காது. என்னைப் பார்க்கும். நான் நிற்கிற பக்கமாக நகர்ந்து வந்து, கூடைப் பின்னலில் நெற்றியை வைத்து அழுத்தும். தடவிக் கொடுக்கச் சொல்கிறது என்று எனக்குத் தெரியும். நான்கடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

மறுநாள் பிற்பகல் அது அசையவில்லை. சின்னசாமி ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு மூடினார். நான் வாய்விட்டு அழுதேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “பாவமுங்க” என்றார்.

பூனையைப் புதைத்த நான்காம் நாள் ரூபி அக்காவுக்குக் குளிர்காய்ச்சல். பல் கிடுகிடுத்தது. “கிட்ட வராதடி, வாசல்லயே நில்லு” என்றாள். வாசலில்தான் நின்றேன். சிறிது நேரம்தான். உள்ளே போய் அவள் கழுத்தையும் அக்குளையும் என் கையால் தடவினேன். ஒன்றுமில்லை. கொயினா மாத்திரையில் அடங்கிய வெறும் மலேரியா அது. இருந்தும் பத்து நாள், காலையில் கண் விழித்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பயந்தோம்.

ஊராருக்குப் பிளேக் ஊசி போட வந்த டாக்டரிடம் பூனையைப் பற்றிச் சொன்னேன். “கட்டி வந்தா எல்லாம் பிளேக்தான்னு இல்லம்மா. பல்லுல சீழ் புடிச்சாலும் வரும். இனிமே யாரு கண்டது?” என்றபடி அடுத்த கையைப் பிடித்தார்.

மூன்று மாதத்தில் ஊர் திரும்பியது. ஓடு வேய்ந்தார்கள், அடுப்பு புகைந்தது. பூனை கிடந்த அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் யாரும் வரவில்லை. மைசூர்ப் பக்கம் போய்விட்டார்கள் என்றார்கள் சிலர். சிலர் பேச்சை மாற்றினார்கள். இப்போது பிளேக் இல்லை. ரூபி அக்கா இல்லை, சின்னசாமி இல்லை, அந்தக் கொல்லையும் வீட்டு மனைகளாகிவிட்டது. அந்த வீட்டுப் பிள்ளைகள் பூனையை ஏதோ ஒரு பேர் சொல்லித்தான் கூப்பிட்டிருப்பார்கள். என்ன பேர் என்று கேட்க எனக்கு ஆள் கிடைக்கவேயில்லை.