இதோ வந்துட்டேன்

என் வீட்டுக்காரருக்கு வேலை இடத்தில் ‘இதோ’ என்று பெயர். “இதோ அண்ணன் எங்கே?” என்று யாராவது கேட்டால் பாதிப் பேர் சிரித்துவிடுவார்கள். போனில் யார் கூப்பிட்டாலும் “இதோ வந்துட்டேன், வாசல்ல நிக்கிறேன்” என்பார். அப்போது அவர் பல் தேய்த்துக்கொண்டிருப்பார். பிரஷை வாயிலிருந்து எடுத்து, இதைச் சொல்லிவிட்டு, மறுபடி வாயில் வைத்துக்கொள்வார். துண்டோடு பக்கத்தில் நிற்கும் என்னைப் பார்த்துக் கண்ணடிக்க வேறு செய்வார்.

லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. கெட்டிக்காரர், அதில் சந்தேகமே இல்லை. ஓடுகிற லிஃப்டில் சும்மா ஏறி நின்றே எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாராம். இது கூட வேலை செய்பவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவரே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

பொய் என்றால் அடுத்தவர் குடியைக் கெடுக்கும் பொய் இல்லை. காலணாவுக்குப் பிரயோஜனம் இல்லாத பொய். கல்யாணப் பேச்சின்போது என் அப்பாவிடம் “நானும் செஸ் ஆடுவேன்” என்று சொல்லிவைத்தார். அப்பா பாவம், நாங்கள் போகும்போதெல்லாம் பலகையை எடுத்து வைப்பார். இவருக்கு உடனே தலைவலி வந்துவிடும். “மாப்பிள்ளைக்கு ஒத்தைத் தலைவலி, நல்ல டாக்டரா பாரும்மா” என்று கடைசிவரை அப்பா கவலைப்பட்டார். மகளின் பள்ளி ஆண்டு விழாவுக்குப் போகாமலே, “கடைசி வரிசையில நின்னு பார்த்தேன், என்னமா ஆடினே!” என்று அவளைத் தூக்கிக் கொஞ்சினார். அன்று மழையில் விழாவே நடக்கவில்லை. அதற்கப்புறம் அப்பாவிடம் அவள் எதையும் சொல்வதே இல்லை.

“ஏங்க, எதுக்குங்க இதெல்லாம்?” என்று எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன்.

“அது பொய்யில்லம்மா. கொஞ்சம் முன்னாடியே சொல்லிடுறேன், அவ்வளவுதான். வந்துட்டேன்னு சொன்னா, எப்படியும் வரத்தானே போறேன்?”

நானும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்துவிடுவேன். என் தம்பி வந்து அந்த விஷயத்தைச் சொல்லும்வரை அப்படித்தான் காலம் ஓடியது.

தம்பியும் அவரோடுதான் வேலை செய்கிறான். லிஃப்டுக்கு அடியில், தரைத்தளத்துக்கும் கீழே, ஒரு குழி இருக்கிறது. அதில் இவர் இறங்கி வேலை பார்ப்பார். தம்பி மொட்டை மாடி மேல் மோட்டார் அறையில் சுவிட்ச் பக்கத்தில் நிற்பான். வேலை முடிந்து, குழியிலிருந்து ஏறி, கதவை மூடிய பிறகு இவர் வாக்கிடாக்கியில் “வெளியே” என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் மேலே இருப்பவன் சுவிட்சைப் போடுவான். குழியிலும் ஒரு நிறுத்தும் சுவிட்ச் உண்டு. அதை அழுத்தி வைத்திருக்கும்வரை லிஃப்ட் நகராது. ஏறிய பிறகுதான் விடுவிக்க வேண்டிய அதையும் இவர் உள்ளே இருக்கும்போதே விடுவித்துவிடுகிறாராம்.

தம்பி என் சமையலறையில் தரையில் உட்கார்ந்திருந்தான். கொடுத்த தண்ணீரைக் குடிக்கவில்லை.

“வெளியேன்னு சொன்னாருக்கா. நான் சுவிட்ச்ல கை வச்சுட்டேன். அப்போ வாக்கிடாக்கியில ஸ்பேனர் விழுற சத்தம் கேட்டுச்சு. குழிக்குள்ள இருந்துதான் பேசியிருக்காரு. சாமானெல்லாம் எடுத்துக்கிட்டு இனிமேதான் ஏறணும். கேட்டா, ‘அதான் ஏறிடுவேன்ல மாப்ளே’ங்கறாரு.”

அடுப்பை அணைத்துவிட்டு அவன் எதிரில் உட்கார்ந்தேன்.

“மேலிடத்துல சொல்லிடவா?” என்று கேட்டான். சொன்னால் வேலை போகும். இவர் வேறு கம்பெனிக்குப் போவார். அங்கே மேலே நிற்பவன் இவரை நம்புகிறவனாக இருப்பான். அதை நினைக்கவே முடியவில்லை.

“மாமாவைக் கொன்னவன்னு நான் பேர் வாங்கணுமாக்கா?” என்று கேட்டு அழுதான். மீசை வைத்த ஆம்பளை.

மறுநாள் மகள் டியூஷன் போனதும் அவரைப் பிடித்து உட்கார வைத்தேன். கத்தக்கூடாது என்று நினைத்திருந்தேன், கத்தினேன். கெஞ்சக்கூடாது என்று நினைத்திருந்தேன், காலைப் பிடித்துக் கெஞ்சினேன். “என்கிட்ட ஆயிரம் புளுகுங்க, கேட்டுக்கறேன். குழிக்குள்ள இருந்துக்கிட்டு அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லாதீங்க.”

“இனிமே சொல்ல மாட்டேன். உன் தலைமேல சத்தியம்” என்று கையை என் தலையில் வைத்தார்.

“கையை எடுங்க. போன மாசம் சிகரெட்டுக்கும் இதே தலைதான்.”

கையை எடுத்துக்கொண்டார். பொய் சொல்கிறவரிடம் என்னவென்று வாக்கு வாங்குவது? வாங்கி எங்கே வைத்துக்கொள்வது? வாய்விட்டே கேட்டேன். அவர் ரொம்ப நேரம் நகத்தில் ஒட்டியிருந்த கிரீஸைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“குழிக்குள்ள இறங்கினா எனக்கு மூச்சு முட்டும்” என்றார். “ஆரம்பத்துல இருந்தே. மேல அந்தப் பெட்டி தொங்கிக்கிட்டே இருக்கும். வெளியேன்னு வாயால சொல்லிட்டா, நிஜமாவே வெளியே வந்துட்ட மாதிரி நெஞ்சு லேசாகும். அதான்.”

இப்படி அவர் பேசி நான் கேட்டதே இல்லை. கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது. ஆனால் அழவில்லை. இதுவும் அந்த ஒத்தைத் தலைவலி மாதிரிதானோ என்று உள்ளே ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அவர் குளிக்கப் போனதும் தம்பிக்குப் போன் போட்டேன். “அவர் என்ன சொன்னாலும் நம்பாதே. இறங்கிப் போய்க் கண்ணால பார்த்துட்டு, மறுபடி குழிக்குள்ள இறங்காம இருக்க அவர் கையில இருக்கிற வாக்கிடாக்கியையும் வாங்கிக்கிட்டு, அப்புறம் ஏறிப் போடு.”

“லிஃப்ட் நின்னிருக்கும்க்கா. அத்தனை மாடியும் படியிலதான்.”

“படியிலயே போ.”

நான் திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை பார்க்கிறேன். மறுநாள் மத்தியானம் துணியை மேசையில் விரித்து அளந்துகொண்டிருந்தபோது தம்பி கூப்பிட்டான். “அக்கா, மாமா வெளியேன்னு சொல்லிட்டாரு. இன்னிக்குக் குரலே வேற மாதிரி இருக்கு. நிஜம்னு தோணுது. கீழே ஜனங்க வேற காத்துக்கிட்டு நிக்கிறாங்க, திட்டுறாங்க. போட்டுடட்டுமா?”

அவன் போனுக்குப் பின்னால், வாக்கிடாக்கியில் அவர் குரல் கேட்டது. “வெளியே. மாப்ளே, வெளியே வந்துட்டேன்.” நேற்று அவர் மனசு விட்டுப் பேசியது நிஜம் என்றால் இன்றைக்கு இதுவும் நிஜமாகத்தான் இருக்கும். போட்டுடு என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

“போடாதே. போய்ப் பாரு.”

காதிலிருந்து போனை எடுக்கவில்லை. அவன் செருப்புச் சத்தம் படி படியாக இறங்கியது. மூச்சு வாங்குவது கேட்டது. பக்கத்து மெஷின்காரி என்ன ஆச்சு என்று சைகையில் கேட்டாள், பொறு என்று கையைக் காட்டினேன். கடைசியில் அவன் சொன்னான், “வெளியதான்க்கா நிக்கிறாரு. கதவெல்லாம் மூடியிருக்கு.” நான் துணி மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“இன்னிக்கு நிஜமாத்தான் சொன்னேன்” என்றார்.

“தெரியும். தம்பி சொன்னான்.”

“ஏறி, கதவை மூடி, இழுத்துப் பார்த்துட்டுத்தான் சொன்னேன். அவன் வந்து என்னை மேலேயும் கீழேயும் பார்க்கிறான். அத்தனை பேர் முன்னாடி, திருடனைப் பார்க்கிற மாதிரி.”

“நாளைக்கும் வந்து பார்ப்பான்.”

“எவ்வளவு நாளைக்கு?”

“நீங்க உயிரோட வீட்டுக்கு வரணும்னு நான் நினைக்கிற வரைக்கும்.”

அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். தோள் குலுங்கியது. நான் பக்கத்தில் நின்று, இந்த அழுகை நிஜமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பது உறைத்தபோதுதான் எனக்கும் அழுகை வந்தது.